மாப்பிள்ளைக்குச் சொன்ன மங்கா

"இருங்கோ. ஒண்டும் கதைக்காதேங்கோ. முதல்ல நான் சொல்லி முடிக்கிறன்."

எதிர்க் கதிரையில் அவன் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. "நான்..." என்று தொடங்கியவன் அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் இருந்த அந்த ஐஸ்கிரீம் கடைக்குத் தாரிகா வந்ததே மாப்பிள்ளையை ஓட ஓட விரட்டத்தான். அம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக்கூட அவள் திறந்து பார்க்கவில்லை. பெயர் கார்த்திகன், எஞ்சினியர், நல்ல குடும்பம். காதில் விழுந்த இவ்வளவே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பப் போதுமாக இருந்தது. விரட்டுவதற்கு வழி சொல்லிக் கொடுத்தவள் அலுவலகத் தோழி பஹ்மிதா. "நீ வாசிக்கிற அந்தப் புத்தகங்களப் பத்திச் சொல்லு. ஆள் பஸ்ஸுக்கும் நிக்காம ஓடிருவார்."

"நான் யாஓய் மங்கா வாசிக்கிறனான்" என்றாள் தாரிகா. "ஜப்பான் படக்கதை. ஆம்பிளையும் ஆம்பிளையும் காதலிக்கிற கதை. ஒரு அலுமாரி நிறைய வச்சிருக்கிறன். அம்மா அது மாங்காய்ச் சமையல் புத்தகம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அவன் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. முகம் மட்டும் வெளிறியது.

நல்லது, வேலை செய்கிறது என்று நினைத்தாள் அவள்.

"அதிலயும் பழசுதான் எனக்குப் பிடிக்கும். நான் பிறக்க முதல் வந்ததுகள். சரியான இருட்டுக் கதையள்."

"தாரிகா, நான் வந்தது..."

"முடிக்க விடுங்கோ. ஒரு தையற்காரன். யுத்த நேரத்தில அவன்ர சிநேகிதனே அவனைப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்திடுறான். மறியல்ல அடைச்சு வச்சுக் கையை முறிச்சுப் போடுறாங்கள். வெளியில வந்து சிநேகிதனைத் தேடிப் போறான், கொல்லுறதுக்கு. போன இடத்தில அவனோடயே தங்கிப் போறான். அடிக்கிறான். மற்றவன் வாங்கிக்கொண்டு இருக்கிறான். அது பழியா, காதலா எண்டு இரண்டு பேருக்குமே தெரியாது."

ஆள் இப்போது எழும்பிவிடுவான் என்று காத்திருந்தாள். அவனோ கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

"இப்பிடியொரு கதையை ஏன் வாசிக்கிறீங்கள்?"

அவனுடைய குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். தாரிகாவுக்கு, தான் வந்த காரியம் ஒரு கணம் மறந்து போயிற்று.

"இப்ப வாறதுகளில அடிச்சவன் பூங்கொத்தோட வந்து நிண்டாச் சரி, அடுத்த பக்கத்தில எல்லாம் சுகம். பழசில அப்பிடி இல்லை. அடிச்சது அடிச்சதுதான். படம் கீறின மனிசி அதைக் காதல் எண்டு பூசி மெழுகேல்லை. இவன் மிருகம் எண்டு சொல்லிக் கதவைச் சாத்தவும் இல்லை. ஊசியில நூல் கோக்க ஏலாத அந்தக் கையை மட்டும் பக்கம் பக்கமாக் கீறியிருக்கிறா. ஒரு வசனம் இல்லை. எங்களைப் பாத்துக்கொண்டே இருக்க வைக்கிறா."

அவள் குடிக்காமல் வைத்திருந்த தேசிக்காய் ஜூஸில் ஐஸ் கரைந்து மேலே தண்ணீர் நின்றது. ரயில் ஒன்று கடையின் கண்ணாடிகளை அதிர வைத்துக்கொண்டு போனது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

"அவையின்ர வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"சிநேகிதன்ர தாய்க்குச் சந்தேகம். அவசரமா ஒரு பொம்பிளையைப் பேசி வைக்கிறா. அவனும் ஓமெண்டு தலையாட்டுறான், கோழை."

"கோழை எண்டு சொல்லாதேங்கோ!" பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது குரல். பிறகு தணிந்தான். "பயந்திருப்பான். பாவம்."

தாரிகா அவனை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள். கதையில் வரும் ஒருவனுக்காகக் கண் கலங்குகிற ஆண்பிள்ளை! பஹ்மிதாவின் திட்டம் கவிழ்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதில் கவலை வரவில்லை.

"அந்தப் பொம்பிளைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. பழைய கதையளில அது ஒண்டுதான் எனக்குக் கோவம். அவளைச் சும்மா குறுக்க நிக்கிற ஒரு சுவர் மாதிரிக் கீறி விட்டிடுவினம். ஒருத்தராவது அவளிட்டப் போய் உண்மையைச் சொல்லுறேல்லை. சொல்லியிருந்தா அவளே விலகியிருப்பாள்."

"விலகியிருப்பாளா? கோவிக்க மாட்டாளா?"

"கோவிப்பாள். பிறகு விலகுவாள். நானெண்டா அப்பிடித்தான்."

அவன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டான்.

இந்த மனிதனோடு ஆயுள் முழுக்கக் கதைக்கலாம் என்று தாரிகாவுக்குத் தோன்றியது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வெட்கமும் சிரிப்புமாக முன்னால் சாய்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுறன், கார்த்திகன். நான் உங்களைக் கலைச்சு அனுப்பத்தான் வந்தனான். ஆனா இப்ப... எனக்கு விருப்பம்."

அவன் கைக்குட்டையை மெல்ல மடித்தான்.

"கார்த்திகன் வரேல்லை, தாரிகா. தாயிட்ட ஓமெண்டு சொல்லிப்போட்டு, கொட்டாஞ்சேனையில நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற வீட்டில இருந்து அழுதுகொண்டிருக்கிறார். நான் கிஷாந்த்."