அடுப்பைத் தொடாதீங்க

"கேரவன் அடுப்ப பத்த வச்சா வெடிக்குமாம் ஷோபனா! கேஸ் டியூப்ல லீக்காம். சிலிண்டர மூடிட்டு வண்டிய கம்பெனிக்குக் கொண்டாரச் சொல்லி இப்பத்தான் மெசேஜ் வந்துது!"

ரஞ்சித் திரும்பத் திரும்ப போன் போட்டான். அவனுடைய கேரவனை வாடகைக்கு எடுத்துப் போன திரிசலா அக்கா போனை எடுக்கவே இல்லை.

"டென்ஷன் ஆவாத. நைட்டு சமையலுக்கு இன்னும் நேரம் இருக்குது," என்றாள் தங்கை ஷோபனா.

"அவங்க ஜைனருங்கடி! பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவாங்க!"

சூரியன் ஏற்கனவே கோட்டை மலையைத் தொட்டுவிட்டது. அவர்கள் தங்கப் போயிருந்த சிங்கவரம் பக்கம் ரஞ்சித்தின் பைக் பறந்தது. வழியில் பெட்ரோல் தீர்ந்துபோக, மீதித் தூரத்தை ஓடியே கடந்தான்.

ஜைனர்களின் புனித மலையான திருநாதர்குன்று அடிவாரத்தில், கேரவனுக்கு வெளியே திரிசலா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா... அடுப்பு..."

"இன்னிக்கு சதுர்த்தசி, எல்லாரும் உபவாசம்பா. அடுப்பே பத்த வைக்கல."

ரஞ்சித் அப்படியே தரையில் சரிந்தான். மூச்சு வாங்கியதில் அடுத்த வார்த்தை வரவில்லை.

"அடப்பாவமே, மயக்கமா வருதா? எங்களுக்குத்தான் நோன்பு, உனக்கு இன்னா? ஒரு காபி போட்டாறேன், இரு!"

அவள் உள்ளே ஏறி லைட்டரை எடுத்தாள். ரஞ்சித் தவழ்ந்தே ஏறி அதைப் பிடுங்கி வெளியே எறிந்தான். விஷயம் கேட்டதும் திரிசலா ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள்.

"நீ வரலன்னா நான் இந்த அடுப்பாண்டயே போயிருக்க மாட்டேனேடா!"

நீங்களே சொல்லுங்க, ரஞ்சித் அவங்களைக் காப்பாத்தினானா, இல்ல கொல்லப் பார்த்தானா?