ஜெபராஜ் ஊதிய மூச்சு

காலையில் பால் வாங்கிவந்து வாசல் கருவியில் ஊதுகிறேன். பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கிறது. உள்ளே போய் எனக்கு மட்டும் காபி போடுகிறேன்.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் என் மனைவி பூரணிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. மூச்சில் கிருமி உள்ளவர்களுக்கு எங்கள் கதவு திறக்காது. போன மாதம் எனக்குச் சளி, சிவப்பு எரிந்தது. நான்கு நாள் அலுவலகத்தில் படுத்தேன். ஐந்தாம் நாள் எங்கள் கல்யாண நாள். வாசலில் ஊதினேன், அன்றும் சிவப்பு.

“வெறும் மூக்கடைப்புக்கு இந்த அலப்பறையா? தள்ளு மாப்ள,” என்று எதிர்வீட்டு ஜெபராஜ் எனக்காக ஊதினான்.

ஓடிவந்து கட்டிக்கொண்ட பூரணியிடம், “பச்சை வந்துடுச்சு,” என்றேன்.

பத்தாம் நாள், மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்குமுன், அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டாள்:

“உங்களுக்குச் சளி முழுசா விட்டுடுச்சாங்க?”