ஒரு பப்படத்துக்கு ஒரு ‘ப’

“‘ப’ சத்தம் வராமல் பப்படம் குடுக்கப்படாது. விளங்கிச்சோ?” என்று கணவனிடம் சொல்லிவிட்டு நிரூபா பென்டில் ஹில்லில் இருக்கும் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாள்.

துஷாந்துக்கு விளங்கியது. கை சொன்னபடி கேட்குமா என்பதுதான் சந்தேகம். கேட்காமலே அள்ளிப் போடுகிற வீட்டில் வளர்ந்தவன் அவன். ‘வேணுமோ’ என்று கேட்டாலே விருந்தாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எதிரே கதிரையில் நான்கு வயது மகள் மயூரா. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். சிரிப்பில் கெட்டிக்காரி.

‘ப’ சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். அவளுக்கோ நாக்கு நடுவே வந்து குந்திவிடும். மாதக்கணக்காக வீடே அந்த ஓர் எழுத்துக்குத் தவம் கிடந்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வழி சுலபமானது. பிள்ளை ஆசைப்படுவதை உங்கள் வாயருகே பிடியுங்கள், உதடுகளை இறுக்கி மூடிக் காட்டுங்கள், பேசாமல் காத்திருங்கள்.

துஷாந்த் பிடித்தான். மூடினான். காத்திருந்தான்.

மயூரா பப்படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அழப்போவது போல முகத்தை ஒரு கோணல் கோணினாள்.

அவ்வளவுதான். “இந்தாங்கோ செல்லம், அம்மாட்டைச் சொல்லப்படாது” என்று பப்படத் தட்டையே அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அவள் சாப்பிடவில்லை. ஒரு பப்படத்தை எடுத்துத் தன் வாயருகே பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

அவன் கை நீட்டினான். அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்.

“பப்படம்” என்றான், வேறு வழியில்லாமல்.

ஒரு துண்டு கிடைத்தது. மறுபடியும் சொன்னான். மறுபடியும் கிடைத்தது. அவளுக்குப் பப்படத்தைவிட இந்த விளையாட்டுத்தான் ருசித்தது போலும்.

நிரூபா கதவைத் திறந்தபோது தட்டில் ஒன்றுதான் மிச்சம். வாய் நிறையப் பப்படத்தோடு துஷாந்த் திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டான்.

திட்டு விழவில்லை. கறிவேப்பிலைதான் கீழே விழுந்தது.

கடைசிப் பப்படத்தை உயர்த்திப் பிடித்து, நாக்கை உள்ளே வைத்து, இரண்டு உதடுகளையும் இறுக ஒட்டிக்கொண்டு, மயூரா அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

“பப்படம்” என்றாள் நிரூபா. சந்தோஷத்தில் குரல் உடைந்துபோனது.

மயூரா யோசித்தாள். பிறகு ஒரு சின்னத் துண்டை மட்டும் உடைத்துக் கொடுத்தாள். உச்சரிப்பு அவ்வளவு திருத்தமில்லை.