கண்டெடுக்கப்பட்ட பொருள்

கேன்டீனில் எல்லோர் பையிலும் போன் ஒரே நேரத்தில் அதிர்ந்தது.

நான் பேச்சை நிறுத்தவில்லை. பாஸ்வேர்டை அடுத்தவனிடம் சொல்லாதே. நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டு எழு. தெரியாத லிங்கைத் தொடாதே.

எண்ணூர் நிலக்கரி யார்டில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். நடத்த ஆள் கிடைக்காமல், ராத்திரி ஷிஃப்டில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிற என்னை நிற்க வைத்திருந்தார்கள்.

"பாதி காலேஜு வாத்தியாரே, சீக்கிரம் முடிப்பா. டீ ஆறிப்போவுது" என்றார் பின்வரிசையிலிருந்து கிருஷ்ணப்பன். நான் காலேஜைப் பாதியில் விட்டவன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் அண்ணன் பெலிக்ஸ் இங்கே செத்துப்போனான். அதற்காக எனக்குக் கொடுத்த வேலை இது.

நிலக்கரி பெல்ட்டைப் பழுது பார்க்க இறங்குகிறவன் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் மஞ்சள் பூட்டைப் போட வேண்டும். சாவி அவனிடமே இருக்கும். அவன் மேலே ஏறி வந்து திறக்கும்வரை பெல்ட்டை யாரும் ஓட்ட முடியாது.

அண்ணன் உள்ளே இருக்கும்போது பெல்ட் ஓடியது.

பூட்டுப் போடாமல் இறங்கிவிட்டான், அவனுடைய அஜாக்கிரதை என்று விசாரணை முடிந்தது. பிணவறையில் எங்களுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் அவன் சட்டைப் பையிலிருந்த சாவி இருந்தது. பூட்டை மட்டும் யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம்.

அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பல் காத்துக்கொண்டிருந்தது. பூட்டை அறுத்து பெல்ட்டை ஓட்டச் சொல்லும் துணிச்சல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஸ்டானிஸ்லாஸுக்குத்தான் உண்டு. எனக்குத் தெரியும். நிரூபிக்க ஒன்றும் இல்லை.

ராத்திரிகளில் சர்வர் அறையில் உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பாடத்தைப் படித்தேன். எவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருந்தாலும் உடைக்கத் தேவையில்லை, உள்ளே இருக்கிறவனே கதவைத் திறந்துவிடுவான் என்று அதில் சொல்லியிருந்தது. அவன் தொடாமல் இருக்க முடியாத ஒரு மெயிலை அனுப்பினால் போதும்.

கம்பெனியே அப்படி அவ்வப்போது சோதனை மெயில் அனுப்பும். போன தடவை தீபாவளி போனஸ் என்று போட்டார்கள். பாதிப் பேர் தொட்டு மாட்டினார்கள்.

இந்தத் தடவை மெயிலை நான் எழுதினேன்.

'ஸ்டோர்ஸ் பிரிவு. கண்டெடுக்கப்பட்ட பொருள்: மஞ்சள் பூட்டு, அறுக்கப்பட்டது. கிடைத்த இடத்தையும் படத்தையும் பார்க்க இங்கே தொடவும்.'

இதைவிடச் சப்பையான மெயில் இருக்க முடியாது. பூட்டே போடவில்லை என்று நம்புகிறவனுக்கு இது குப்பை. அறுத்தவன் மட்டும் படத்தைப் பார்க்காமல் விடமாட்டான்.

தொடுகிறவர்களின் பெயர் என் லேப்டாப் திரையில் வரும். எனக்கு ஒரு பெயர் போதும்.

முன் வரிசைகளில் ஏ ஷிஃப்ட் ஆட்கள். போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் பி ஷிஃப்ட். அண்ணன் செத்த அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள்.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

தொடு, என்று மனசுக்குள் சொன்னேன். தொடு.

அவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, இத்த பாரு. ஸ்டோர்ஸ்லேந்து இன்னாவோ மெயில் வந்துகீது. பூட்டாம் பூட்டு! நாம தொடுவமா? ரிப்போர்ட் பட்டன அமுக்கிட்டேன்ல."

ஏ ஷிஃப்ட் சிரித்தது.

பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை.

சோதனை மெயிலைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு கம்பெனி பெயர் போட்ட தண்ணீர் பாட்டில் பரிசு. என் கையால் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் தோளைத் தட்டினார்.

"உங்க அண்ணன் மாதிரி இல்ல நைனா நீ. உஷாரு."

பாட்டிலால் அந்த வாயிலேயே அடித்திருப்பேன். லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரையில் பெயர் வந்திருந்தது.

கிருஷ்ணப்பன்.

அதற்குக் கீழே வல்லரசு. அதற்குக் கீழே, கன்ட்ரோல் ரூமில் உட்காரும் டோரதி அக்கா. அப்புறம் சாலமன். அண்ணனின் சவப்பெட்டியை ராயபுரத்திலிருந்து காசிமேடு கல்லறைவரை தோள் மாற்றாமல் தூக்கிவந்தவன்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சிலர் இரண்டு தடவை தொட்டிருந்தார்கள்.

பி ஷிஃப்ட் மொத்தமும் இருந்தது, ஸ்டானிஸ்லாஸைத் தவிர. ஏ ஷிஃப்டிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

ஒரு பூட்டை இத்தனை பேர் சேர்ந்து அறுக்க முடியாது.

ஆனால் இத்தனை பேர் நின்று பார்க்கலாம். பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போகலாம்.

நிமிர்ந்தேன். பின்வரிசையில் எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் தொட்டிருந்தால் எனக்கு ஒரு ஆள்தான் கிடைத்திருப்பார். அதையும் சும்மா பார்த்தேன் என்று சொல்லித் தப்பியிருப்பார். இப்போது என்னிடம் ஒரு ஷிஃப்ட்டே இருக்கிறது.

லிங்கைத் தொட்டவர்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து மறுபடி பாடம் கேட்க வேண்டும். கம்பெனி விதி அது. நான் போட்டதில்லை.

ஸ்டானிஸ்லாஸ் புது பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சாலமன் மெதுவாக எழுந்து கேட் பக்கம் நடந்தான்.

"மாமு" என்று கூப்பிட்டேன். "நீதான் மொதல்ல. உள்ள வந்து கதவச் சாத்து."