சோதனை நோயாளி

ஒலிபெருக்கியை அணைக்க மறந்தவன் அவன்தான்.

"மலம் கழிக்கும்போது எரிச்சல் உண்டா?"

கணினி தன் முன்னால் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவிடம்தான் கேட்டது. வெளிநோயாளிகள் கூடம் முழுக்கக் காதில் விழுந்தது.

நாச்சிமுத்துவின் விரல் 'ஆம்' பொத்தானுக்கும் 'இல்லை' பொத்தானுக்கும் நடுவில் நின்றது. திரும்பிப் பார்த்தார். கூடமே அவர் பதிலுக்காகக் காத்திருந்தது.

"சொல்லிப்போடுங்க மாமா, எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்றது கடைசி பெஞ்சு.

கணினியை அங்கே கொண்டுவந்து வைத்த அவன் ஓடிப்போய்க் கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினான். மின்விசிறி நின்றது. கணினி அடுத்த கேள்விக்குப் போனது. அது முதல் கேள்வியைவிட மோசம்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒரு நோவும் இல்லீங். பொட்டிக்குத்தான் என்னமோ கோளாறு."

நேராகப் பஸ் ஏறப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலிப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

இரண்டு வருடமாக மருத்துவர்கள் பின்னாலேயே அலைந்தவன் அவன். அவர்கள் தலைக்குள் இருப்பதையெல்லாம் கேள்விகளாக்கிக் கணினிக்குள் அடுக்கியிருந்தான். நோயாளி பொத்தானைத் தொட்டுக்கொண்டே போனால் போதும். என்னவாக இருக்கலாம், எவ்வளவு அவசரம் என்று டாக்டர் நசீமாவின் மேசைக்குக் குறிப்பு போய்விடும். முடிவு சொல்வது அவர்தான்.

இன்றுதான் முதல் சோதனை. நோயாளிதான் இல்லை.

அந்த நேரத்தில் அவன் மனைவி வந்தாள்.

அவனைப் பார்க்க அல்ல. காலையில் அவளுடைய ஸ்கூட்டர் சாவியையும் தன் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"உக்காரு கண்ணு. நீதான் பேஷண்ட்டு. ஊசியெல்லாம் கெடையாது. எங்கம்மாவாட்ட கேள்வி மட்டும்தான் கேக்கும்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாளாகவே அவள் ஏதோ யோசனையில் இருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததையே இவ்வளவு நேரம் யோசிக்கிறாயே, எனக்கும் கொஞ்சம் கொடு என்பான். சிரித்துவிடுவாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது அவனுக்கு.

ஒலிபெருக்கி அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு எதிர் மேசையில் போய் உட்கார்ந்தான்.

அவள் தொடும் பதில் ஒவ்வொன்றும் அவன் மடிக்கணினியிலும் வரும். அதைச் சொல்லித்தான் உட்கார வைத்தான்.

காய்ச்சல்? இல்லை.

இருமல்? இல்லை.

தலைவலி? ஆம்.

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், காரணம் நான்தானே என்று.

அவள் திரும்பவில்லை.

மார்பில் கை வைத்தால் கட்டி போல ஏதாவது தட்டுப்படுகிறதா?

பதில் வரவில்லை.

கணினி நின்றுவிட்டதோ என்று குனிந்து ஒயரை அசைத்துப் பார்த்தான்.

நிமிர்ந்தபோது வந்திருந்தது.

ஆம்.

வலிக்கிறதா? இல்லை.

எப்போதிலிருந்து? ஒரு மாதத்துக்கு மேல்.

வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?

இந்தக் கேள்வி எதற்கு, நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது என்று நசீமாவிடம் வாதாடியவன் அவன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தார் அவர்.

இல்லை.

திரையின் மேல்பக்கம் சிவந்தது. இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

அந்த வரியை எழுதியவனும் அவன்தான். எழுதிய அன்று எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

கணினிக்குத் தான் எழுதிக்கொடுத்த விதிகளைத் திரையில் மேலும் கீழும் உருட்டினான். எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று வேண்டிக்கொண்டான். வழக்கமாக வேண்டாமலே கிடைப்பது அது.

இன்று எல்லாம் சரியாக இருந்தது.

நசீமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவனை.

"எல்லாக் கட்டியும் பயப்படற கட்டி இல்ல. கை வெச்சுப் பாக்கலாம், ஸ்கேன் எடுக்கலாம். அதுக்கப்புறம்தான் எதுவும். உள்ள இருக்கறவங்க வெளிய வந்ததும் நீங்க வாங்கம்மா."

கதவு மூடியது.

இருவரும் சுவரோரம் நின்றார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"வெளையாட்டுக்குத் தொட்டியா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"அதுகிட்டச் சொன்னத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு?"

வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை அந்த முகத்தில்.

"ரெண்டு தடவ சொல்ல வந்தனுங்க. ரெண்டு தடவையும் சிரிக்க வெச்சுப்போட்டீங்க."