நீலப் பெட்டியா, சாம்பல் பெட்டியா?

“வந்துட்டாரு, நாளைக்கு சார்,” என்றார் முதலாளி, கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி.

அந்தக் கணினிக் கடையில் வந்தவருக்கு ‘நாளைக்கு சார்’ என்றுதான் பெயர். ஆபீஸ் விட்டதும் நேராக வருவார். கணினிக்கு மூளையான பிராசசரில் ஒரே விலையில் இருக்கிற இரண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார். “நாளைக்குச் சொல்றேன்” என்று போய்விடுவார். மறுநாள் வந்தும் விடுவார். அந்த அளவில் சொன்ன சொல் தவறாதவர்.

விற்பனையாளர் எதுவும் கேட்காமல் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். எடுத்து எடுத்து இரண்டுக்கும் மூலை மழுங்கியிருந்தது. எடுத்தவரும் அப்படித்தான் இருந்தார்.

“நேத்து நீலம்தான் நல்லதுன்னீங்க. என் தம்பி சிரிக்கிறான். எந்த மகான் சொன்னான்னு கேட்டான்.”

“மகான்னுதானே கேட்டாரு? பரவாயில்ல சார்.”

“மடையன்னுதான் கேட்டான். நான்தான் கொஞ்சம் மாத்திச் சொன்னேன்.”

விற்பனையாளர் சாம்பல் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “யோசிச்சுப் பார்த்தா உங்களுக்கு இதுதான் சார் சரி.”

“அதெப்படி? ஒரே ராத்திரியிலயா?”

“நீலம், ஆறு பேர் நிதானமா வேலை பார்க்கிற ஆபீஸ். சாம்பல், நாலே பேர், ஆனா ஓடி ஓடிப் பார்க்கிற ஆபீஸ். உங்களுக்கு ஒரு வேலை சட்டுனு முடியணும். அப்ப இதுதான்.”

“உங்க கடை எந்த மாதிரி?”

“ஒருத்தர் வேலை பார்ப்பாரு, ஒருத்தர் அதைப் பார்ப்பாரு.”

முதலாளியின் காதில் அது விழுந்தது. அதைவிட, நேற்றைய நீலம் இன்றைக்குச் சாம்பலானதும் விழுந்தது.

நாளைக்கு சாரோ, பரீட்சைக்குப் போகிறவர் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “நாலே பேர்... ஓடி ஓடி...”

முதலாளி விற்பனையாளரை ஓரமாக இழுத்தார்.

“நேத்து நீலம், இன்னிக்குச் சாம்பல். முந்தாநாள் என்ன?”

“சாம்பல்.”

“வியாபாரம் பண்றியா, ஊஞ்சல் ஆட்டறியா? உனக்கே எது நல்லதுன்னு தெரியல. வாங்க வர்றவன் எப்படிய்யா வாங்குவான்?”

விற்பனையாளர் தரையைப் பார்த்தார்.

“உள்ள போய் அந்தப் பழைய மானிட்டரையெல்லாம் துடை. நாளையிலேருந்து உனக்கு அதுதான் வேலை. இவரை நான் முடிச்சு அனுப்பறேன்.”

முடிப்பது என்பது முதலாளிக்கு அரை நிமிஷ வேலை. சாம்பல் பெட்டியை ஒரு பைக்குள் போட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். எதை எடுத்தாலும் கம்ப்யூட்டர் ஓடும். கிளம்புங்க, நிம்மதியாத் தூங்குங்க.”

நாளைக்கு சாரின் முகம் சுருங்கிவிட்டது. “பையில போடாதீங்க.”

“ஏன் சார், பணம் இடிக்குதா?”

“அதெல்லாம் இருக்கு.” அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “வாங்கிட்டா அப்புறம் அவன்கிட்ட என்னத்தைப் பேசறது?”

“யார்கிட்ட?”

“என் தம்பிகிட்ட. வீட்டைப் பாகம் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பினோம். அன்னியோட பேச்சு நின்னு போச்சு. இடிச்சுக்கிட்டுத் தாண்டிப் போவோம், மூஞ்சியைப் பார்க்க மாட்டோம். அப்ப பார்த்து என் கம்ப்யூட்டர் செத்துது. அந்த வேலை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். வெட்கத்தை விட்டுட்டு, எது வாங்கலாம்டான்னு சுவருக்கு மேல கேட்டேன். ‘இதையெல்லாம் தெருவுக்குக் கேட்கிற மாதிரியா பேசுவாங்க, உள்ள வா’ன்னான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, தினமும் சண்டைதான். உங்க கடைப் பையன் சொல்றதைக் கொண்டுபோய்ச் சொல்லுவேன், அவன் குதிப்பான். நேத்து சாம்பல்தான்னு அடிச்சுப் பேசினவன், இன்னிக்கு நான் சாம்பல்னா நீலம்பான் பாருங்க. பிறந்ததுலேருந்தே அப்படி.” சிரித்தார். “நேத்து திட்டிக்கிட்டே டீ கொண்டுவந்து வெச்சான். சக்கரை இல்ல. எனக்கு ஆகாதுன்னு ஞாபகம் வெச்சிருக்கான் சார்.”

முதலாளி பெட்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்து, அதன் இடத்தில் திரும்ப வைத்தார்.

“அவசரமே இல்ல சார். நாளைக்கு வாங்க.”

கடை திறந்த நாளிலிருந்து அவர் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

நாளைக்கு சார் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். முதலாளி கிடங்கு அறைப் பக்கம் நடந்தார். நல்ல வியாபாரியை எங்கேயும் பிடித்துவிடலாம், ஒரு மனிதரை இப்படி ஒழுங்காகக் குழப்ப இவனை விட்டால் ஆள் கிடையாது, நாளைக்கும் மேஜையில் நீயே நில் என்று சொல்ல வேண்டும்.

விற்பனையாளர் முதுகைக் காட்டியபடி மானிட்டர்களுக்கு நடுவே நின்றிருந்தார். ஒரு கையில் துணி, மறு கையில் போன்.

“இன்னிக்கும் வாங்கல சார், உங்க அண்ணன் வெறுங்கையோடதான் வர்றாரு. சாம்பல்னு சொல்லி அனுப்பியிருக்கேன், நீங்க நீலத்துக்கு நில்லுங்க. நாளைக்கு எதைச் சொல்லட்டும்?”