அம்மன் இருக்கும் வீட்டில் ஊசி

மகள் வடிவின் உடம்பில் அம்மை முத்துகள் தெரிந்த அன்றைக்கே ஆவுடையம்மாள் வாசலில் வேப்பங்குலையைச் செருகிவிட்டு, தன் இன்சுலின் ஊசிப் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் ஊசி குத்தக் கூடாது. சர்க்கரை அவள் கண்ணை மங்கவைத்த நாளிலிருந்து ஊசி போட்டுவிடுவது வடிவுதான். இப்போது அவள் கை அம்மனின் கை.

ஓரிரு நாளில் ஆவுடையம்மாளுக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

வேப்பிலைப் படுக்கையில் கிடந்த வடிவு, “எம்மா, ஊசிய வாங்கிட்டு வா. நான் போட்டு விடுதேன்” என்றாள்.

“சும்மா படு தாயே.”

பெற்ற மகளைத்தான் அம்மனாகக் கும்பிட்டாள். வடிவு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தன்னுடையதல்லாத ஒரு குரலை வரவழைத்தாள்.

“ஏளா ஆவுடை! ஆத்தா சொல்லுதேன். ஊசியப் போடுளா!”

ஆவுடையம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

“என்னச் சோதிச்சுப் பாக்கியா தாயே? போட மாட்டேன். எம் மகள மட்டும் விட்டுட்டுப் போயிரு.”

எழுந்தவள், படுக்கையருகே படைத்திருந்த பானகச் சொம்பை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம்மா, நாந்தாம்மா, வடிவும்மா” என்று மகள் சொந்தக் குரலில் கதறக் கதற, வெல்லம் தங்கிய அடிச்சொட்டு வரை குடித்தாள்.